மருந்துக்கடைக்காரர் படகுத்துறைக்குப் போனது

காலை பத்து நாற்பத்திரண்டு. திரையில் முதலில் தெரிந்தவை கட்டங்கள். தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிறு சிறு வெற்றுக் கட்டங்கள், ஜன்னல் வைக்காத கட்டடம் போல வரிசை வரிசையாக நின்றன. பிரவுசிங் சென்டரை நடத்திய பெண் எழுந்து வந்து, ஒரு ஃப்ளாப்பியைச் செருகி எழுத்துருவை ஏற்றினார். பத்து ஐம்பத்தொன்றுக்குக் கட்டங்கள் எழுத்துகளாயின. நான் படித்த முதல் வரி, "இந்த மாத நாவலை இன்னும் யாருமே முடிக்கவில்லையா?" என்று கேட்டது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. சென்டர், கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. நான் மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்தியாளன். செய்திகளை ஃபேக்ஸில் அனுப்பியது போதும், இனி மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று அலுவலகத்தில் சொன்ன பிறகு அந்த மாடிப்படியில் தினமும் ஏறிக்கொண்டிருந்தேன். மதுரையில் இருந்த உதவி ஆசிரியர் ஒருவர்தான் அந்தக் குழுவைப் பற்றிச் சொன்னார். ருஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளை மாதத்துக்கு ஒன்றாகப் படித்து, மின்னஞ்சல் வழியே பேசிக்கொள்கிற குழு. சேர விரும்புகிறவர் தன் ஊரையும், கடைசியாகப் படித்த ருஷ்யப் புத்தகத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். ஊரை உண்மையாக எழுதினேன். புத்தகத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். கடைசியாகப் படித்ததை முடித்திருக்கவில்லை.

குழுவில் முப்பது பேர் வரை இருந்தார்கள். நடத்தியவர் சிங்கப்பூரில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்த அம்மா. சென்னைக் கல்லூரி ஆசிரியர்கள் இருவர், வளைகுடாவில் ஒரு கணக்கர், டொராண்டோவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். மற்றவர்கள் பெரும்பாலும் படிப்பதோடு சரி. கோவில்பட்டியிலிருந்து ஓர் ஆள் வந்திருப்பதை அந்த அம்மா வரவேற்று, அங்கே தீப்பெட்டிதானே விசேஷம் என்று கேட்டார். மழையும் விசேஷம்தான், அபூர்வமாக வருவதால், என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து அடுத்த நாவலை அறிவித்தார்கள். ஒரு சிறிய ருஷ்ய ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஒருவர், அவரோடு கல்யாணமாகாத அக்கா, எதிர் வீட்டில் ஒரு விதவை. நானூறு பக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் எழுதப்பட்ட கதைகளில் அதுதான் முதலாவது என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இருநூறு அடி தூரத்தில் சாக்குக் கடை வைத்திருந்தார். அன்றைக்கே குழுவுக்கு எழுதிவிட்டேன். இந்த நாவலைக் கரைத்துக் குடித்த ஒரு வாசகர் எங்கள் ஊரில் இருக்கிறார், கணினி தெரியாது, அவர் சொன்னால் நான் தட்டச்சு செய்து அனுப்புவேன் என்று. மறுநாள் பதில் வந்தது. அவரே தொடக்கக் கட்டுரையை எழுதட்டும்.

சாக்குக் கடை அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பழைய சாக்கு, புதுச் சாக்கு, சணல், கயிறு, தார்ப்பாய். மாசி பங்குனியில் வத்தல் சீசன் வந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. மிளகாய் வத்தல் ஏற்றிவந்த சாக்குகளை உதறி, கிழிசல் தைத்து, மறுபடி விற்பார். அதனால் அந்தக் கடையில் எதை எடுத்தாலும் தும்மல் வரும். அவர் புத்தகங்களைப் படித்தாலும் வரும்.

செய்தியைச் சொன்னபோது கோணி ஊசியால் ஒரு சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நிற்கவில்லை.

"எத்தன பேரு இருக்காவ?"

"முப்பது பேர் இருக்கும் அண்ணாச்சி."

"எல்லாரும் படிச்சவியளா?"

"நாவலையா, காலேஜையா?"

"ரெண்டுந்தான் வே."

ரெண்டும்தான் என்றேன். அதன் பிறகுதான் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார். அவர் மனைவி, எனக்கு மதினி முறை, உள்ளேயிருந்து தார்ப்பாய்க் கட்டை இழுத்துக்கொண்டு வந்தார். "ஆளு ரெண்டு பேரு சாக்கு கேட்டு நிக்காவ. இவிய ருஷ்யாவுக்குப் பொறப்பட்டாச்சு," என்றார். வந்தவர்களுக்கு அவரே எண்ணிக் கொடுத்தார்.

அண்ணாச்சியின் குடும்பத்தில் புத்தகம் படிப்பது ஒரு குறை. காது கேட்காதவரை விசாரிப்பது போல அவரை விசாரிப்பார்கள். இன்னும் படிக்கானா, குறையலயா என்று. வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து ஏதாவது சொன்னால், இது எந்தப் புஸ்தகத்துல வருது என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அதற்கெல்லாம் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று என்னிடம் ஒன்று சொன்னார்.

"இத்தன வருசம் படிச்சிருக்கேன். சரியாத்தான் படிச்சிருக்கேனான்னு ஒரு ஆளு சொல்லணும் வே. இங்கன அதச் சொல்ல ஆளு கெடையாது."

அவர் எப்படிப் படித்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். சோவியத் நாடு உடைந்த சமயத்தில், மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களின் மிச்சம் மீதியை ஒரு வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்றார்கள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், துணி முதுகு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று நாள் வேன் நின்றது. அண்ணாச்சி இரண்டு பெரிய நாவல்களை வாங்கினார். ஒன்று இந்த மருந்துக்கடை நாவல். இன்னொன்று ஒரு பெரிய ஆற்றில் படகுத்துறை நடத்துகிற ஒருவரைப் பற்றியது. வாங்க முடிந்தது ஒவ்வொரு பிரதிதான். படிக்கக் காத்திருந்தவர்கள் அவர், நான், பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் ஒருவர் என்று நான்கு பேர். ஒருவர் நானூறு பக்கத்தை முடித்து அடுத்தவருக்குக் கொடுப்பது என்றால் தீபாவளி வந்துவிடும்.

அண்ணாச்சி அட்டையைக் கிழித்தார். தையலைப் பிரித்தார். அச்சில் ஒரு பெரிய தாளை மடித்து முப்பத்திரண்டு பக்கமாக்குவார்கள். அதற்கு ஃபாரம் என்று பெயர். அப்படிப் பதிமூன்று ஃபாரங்கள் சேர்ந்ததுதான் ஒரு நாவல். ஒவ்வொரு ஃபாரத்தையும் தனியாக எடுத்து, சிமெண்டுத் தாளில் அட்டை போட்டு, சாக்குக்கு அடையாளம் எழுதுகிற மைக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார். முதல் ஃபாரத்தை முடித்தவர் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாவல்களும் அந்த ஒரு கோடையில் நான்கு வீடுகளில் சுற்றின. முடிந்ததும் அவரே கோணி ஊசியையும் சணலையும் வைத்து இரண்டையும் தைத்து அட்டை ஒட்டினார். எந்தப் பைண்டரும் அப்படித் தைத்திருக்க மாட்டார். கடைசிவரை ஒரு தாளும் கழன்றதில்லை.

கட்டுரையை இரண்டு மத்தியானங்களில் எழுதினோம். இரண்டு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. அண்ணாச்சி சென்டருக்கு வந்து, என் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். அடுத்த கேபினில் இருந்த ஒருவர் நாலு தடவை தும்மிவிட்டு இடம் மாறிக்கொண்டார். அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், நான் அடித்தேன்.

அவர் பேசியதெல்லாம் ஒரே அத்தியாயத்தைப் பற்றித்தான். மருந்துக்கடைக்காரர் எங்கும் போகாதவர். அக்காவுக்குப் பயந்து, விதவைக்குப் பயந்து, தராசுக்குப் பின்னால் வாழ்கிறவர். அவர் ஒருநாள் கடையைப் பூட்டி, சாவியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, ஆற்றை நோக்கி நடக்கிறார். அது 192-ஆம் பக்கத்தில் தொடங்கி 193-ஆம் பக்கத்தில் தொடர்கிற வாக்கியம். பிறகு முப்பத்திரண்டு பக்கங்களுக்கு அவர் படகுத்துறையில் வேலை செய்கிறார். பனிக்கட்டியை உடைக்கிறார். பாரம் தூக்குகிறார். தண்ணீரில் விழுந்த குதிரையைக் கயிறு கட்டி இழுக்கிறார். 225-ஆம் பக்கத்தில் மறுபடி கடையில் இருக்கிறார். போனதைப் பற்றி நாவலின் கடைசிவரை ஒரு வார்த்தை இல்லை. 224-ஆம் பக்கத்தின் கடைசி வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. அது அச்சுப் பிழை என்பது என் எண்ணம். சொல்ல வந்ததை அந்த ஆளால் சொல்ல முடியவில்லை, அதை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்பது அண்ணாச்சியின் விளக்கம். பன்னிரண்டு வருடத்தில் அவர் அதை என்னிடம் ஒரு நாற்பது முறையாவது சொல்லியிருப்பார்.

இரண்டாவது நாள் மூன்று ஐம்பதுக்கு அனுப்பினோம். அவர் மாடிப்படி இறங்கும்போது, இது இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று கேட்டார். போய்ச் சேர்ந்தே விட்டது என்றேன். நம்பவில்லை.

முதல் பதில் டொராண்டோக்காரரிடமிருந்து வந்தது. பாராட்டித்தான் தொடங்கியிருந்தார். இப்படி ஒரு தமிழ் நடையைக் கேட்டு நெடுநாளாயிற்று என்று எழுதிவிட்டு, ஒரு வரி இடம் விட்டு, மருந்துக்கடைக்காரர் படகுத்துறைக்குப் போகவே இல்லையே என்று கேட்டிருந்தார். நாவலில் ஆறே கிடையாது. சென்னை ஆசிரியர்களில் ஒருவர், வேறு நாவலோடு குழப்பிக்கொண்டிருக்கலாம், வயதாகும்போது இது சகஜம் என்று எழுதினார். அவருக்கு என்ன வயது என்று எனக்குத் தெரியாது. வளைகுடாக் கணக்கர், கற்பனைதான் என்றாலும் அழகான கற்பனை என்றார். மூன்று நாளில் ஒன்பது கடிதங்கள். எல்லாவற்றிலும் மரியாதை இருந்தது. எதிலும் நம்பிக்கை இல்லை.

வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி கேட்டுவிட்டு, "பக்கம் நூத்தித் தொண்ணூத்தி மூணு. எடுத்துப் பாக்கச் சொல்லும்," என்றார். அதை மட்டும் அனுப்பினேன். டொராண்டோக்காரர் எடுத்துப் பார்த்து எழுதினார். அவர் பிரதியில் அந்தப் பக்கத்தில் அக்காவுக்குப் பல் பிடுங்குகிறார்கள்.

"எந்தப் பல்லாம்?" என்று கேட்டார் அண்ணாச்சி. கேலி இல்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சிங்கப்பூர் அம்மா குறுக்கிட்டார். ஐயாவிடம் இருப்பது வேறு பதிப்பாக இருக்கலாம், அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்ப முடியுமா, ஞாயிற்றுக்கிழமையோடு இந்த நாவலை முடித்துக்கொள்வோம் என்றார். அன்று வியாழன். மறுநாள் காலை பதினொன்றேகால் மணிக்கு அண்ணாச்சி புத்தகத்தை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்தார். சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். அவர் புத்தகத்தை ஸ்கேனரின் கண்ணாடியில் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தார். விளக்கு ஊர்ந்து போயிற்று. திரையில் பக்கம் பெரிதாக வந்தது.

செய்தியாளன் ஆவதற்கு முன் நான் பிழை திருத்துபவனாக இரண்டு வருடம் இருந்தேன். அந்தப் பழக்கத்தில் பக்கத்தின் நான்கு ஓரங்களையும்தான் முதலில் பார்ப்பேன். 193-ஆம் பக்கத்தின் கீழே, இடது ஓரத்தில், எறும்பு அளவில் ஒரு எண் இருந்தது. 7, ஒரு கோடு, 1183. ஃபாரங்களை வரிசை மாறாமல் அடுக்குவதற்காக அச்சகத்தில் போடுகிற எண் அது. முதலில் ஃபாரத்தின் எண், பிறகு அந்தப் புத்தக வேலையின் எண். புத்தகத்தை வாங்கி 161-ஆம் பக்கத்தைத் திருப்பினேன். 6, கோடு, 902. 225-ஆம் பக்கம். 8, கோடு, 902. எல்லா ஃபாரத்தையும் பார்த்தேன். பன்னிரண்டில் 902. ஒன்றில் மட்டும் 1183.

ஒரே அச்சகம், ஒரே எழுத்து, ஒரே தாள், ஒரே அளவு. சிமெண்டுத் தாள் அட்டையில் அண்ணாச்சி எண்ணை மட்டும் எழுதினார், நாவலின் பெயரை எழுதவில்லை. இரண்டு ஏழுகளும் இடம் மாறிவிட்டன. நாங்கள் நான்கு பேரும் அப்படியே படித்தோம். யாருக்கும் சந்தேகம் வராததற்கும் காரணம் உண்டு. ருஷ்ய நாவல்களில் ஒருவரைப் பக்கத்துக்கு ஒரு பெயரில் கூப்பிடுவார்கள். முழுப் பெயர், தகப்பனார் பெயர் சேர்த்த பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர். படகுத்துறையில் தெரியாத பெயர்கள் வந்தபோது, இவருக்கு இப்படியும் ஒரு பெயர் போல என்று எடுத்துக்கொண்டோம். படகுத்துறை நாவலில் திடீரென்று பல் பிடுங்கியதும் இப்போது நினைவுக்கு வந்தது. துறைக்காரர் கனவு காண்கிறார் என்று அப்போது ஒருமனதாக முடிவு செய்திருந்தோம்.

அண்ணாச்சியிடம் எண்களைக் காட்டிச் சொன்னேன். சாக்கில் அடையாளம் பார்த்துப் பழகிய ஆள். இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஃபாரமாக அவரே ஒருமுறை புரட்டினார். பிறகு புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்தார்.

"கட்டுரைய வாபஸ் வாங்க முடியுமா?"

முடியாது என்றேன்.

"அச்சடிச்ச பேப்பரு மாதிரிதானா," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அந்தப் பக்கங்களை நான் அனுப்பவில்லை. அவர் கடையில் அன்று மாலை போய்ப் பார்த்தபோது, தைக்க ஒன்றும் இல்லாமல், முழுச் சாக்குகளை எடுத்துத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த டொராண்டோ ஆளு என்ன சொன்னாரு, இவியளுக்கு மத்தியானம் சோறே எறங்கல என்றார். நான் எண் கதையைச் சொன்னேன். அவர், "அப்போ அந்த அக்காவுக்க பல்லு இப்போ யாருட்ட இருக்கு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. படகுத்துறை நாவல் கணக்கு டீச்சரிடம் இருந்தது. டீச்சர் எட்டயபுரத்துக்கு மாற்றலாகிப் போனபோது வழியனுப்பு விழாவில் அண்ணாச்சி அதை அவருக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை காலை ஒன்பது பத்து பஸ்ஸில் நானும் அண்ணாச்சியும் போனோம். புரட்டாசி முடிந்து மழை விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் கரிசலில் உளுந்தும் சூரியகாந்தியும் முளை விட்டிருந்தன.

டீச்சர் வாசலில் நின்று, "என்ன அண்ணாச்சி, சொல்லாம கொள்ளாம?" என்றார். நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் உள்ளே போய், புத்தகத்தை எடுத்து வந்து, 193-ஆம் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். கீழ் ஓரத்தில் 7, கோடு, 902. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது. வட்டம் மங்கியிருந்தது.

"டீச்சர், இது எப்பப் போட்டது?"

"வந்த வருசமே. கணக்கு டீச்சர்கிட்ட வரிசை தப்பினா தெரியாம இருக்குமா?"

அண்ணாச்சி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து வருசமாத் தெரியுமா? ஒரு கார்டு போட்டிருக்கலாம்லா."

"வழியனுப்பக் குடுத்த புஸ்தகம் அண்ணாச்சி. அதுல குத்தம் கண்டுபிடிச்சு லெட்டர் போட்டா நல்லாவா இருக்கும்?" டீச்சர் காராச்சேவுத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். "அதோட, நீங்க அந்தப் படகுத்துறையைப் பத்திப் பேசுத அன்னைக்கு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்து எனக்கு டீ ஆறிப்போயிரும். அதை எதுக்குக் கெடுக்கணும்?"

அண்ணாச்சி உட்கார்ந்து அந்த முப்பத்திரண்டு பக்கங்களைப் படித்தார். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. டீச்சரும் நானும் அடுப்படிப் பக்கம் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். கடையைப் பூட்டி, சாவியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, மருந்துக்கடைக்காரர் பல் வைத்தியரைக் கூப்பிட ஓடுகிறார். வைத்தியர் குடித்திருக்கிறார். விதவை வந்து அக்காவின் தலையைப் பிடித்துக்கொள்கிறார். கடைவாய்ப் பல், வலது பக்கம். அதன் பிறகு அந்த இரண்டு பெண்களும் சிநேகிதிகள் ஆகிவிடுகிறார்கள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்," என்றார் அண்ணாச்சி. "அந்த விதவை அக்காகூட எப்படிச் சேந்தாள்னு இப்பல்லா புரியுது. ஆனா இந்த ஆளு எங்கயும் போகல."

டீச்சர் தன் ஃபாரத்தைக் கழற்றித் தரத் தயாராக இருந்தார், மாற்றிக்கொள்ளலாம் என்றார். கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். கடைசியில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் அந்த முப்பத்திரண்டு பக்கங்களையும் நகல் எடுத்துக்கொண்டோம். படகுத்துறைப் பக்கங்களின் நகலைத் தனக்கும் அனுப்பச் சொல்லி டீச்சர் எங்களை பஸ் ஏற்றிவிட்டார்.

பஸ் பாதி வழி வந்ததும் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"பன்னெண்டு வருசமாத் தப்பாப் படிச்சிருக்கேன்."

ஒரு நிறுத்தத்தில் ஆட்டுக்குட்டியோடு ஒருவர் ஏறினார். கண்டக்டருக்கும் அவருக்கும் ஆட்டுக்கு டிக்கெட் உண்டா என்று பேச்சு நடந்தது. அது முடிந்த பிறகு அண்ணாச்சி ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"இல்ல வே. தப்பாத் தச்சிருக்கேன். தப்பாப் படிக்கல. அதுல என்ன இருந்திச்சோ அதத்தான் படிச்சேன்."

ஞாயிறு மத்தியானம் இரண்டு பத்துக்கு சென்டருக்கு வந்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, திரையைப் பார்த்துச் சொன்னார். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டியில் சாக்கு வியாபாரம் செய்கிறேன். நாங்கள் நான்கு பேர் ஒரே சமயத்தில் படிப்பதற்காக இந்த நாவலைப் பிரித்தது நான். திரும்பத் தைத்ததும் நான். ஏழாவது ஃபாரத்தில் வேறு நாவல் வந்துவிட்டது. படகுத்துறை அதில் உள்ளது. முந்தாநாள்தான் தெரிந்தது. நான் எழுதியதில் படகுத்துறையைக் கழித்துவிட்டு மீதியைப் படிக்கவும். கழித்தால் மீதி அதிகம் இருக்காது என்பதும் தெரியும். 192-ஆம் பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுக்கிறார். அது உங்கள் பிரதியிலும் இருக்கும். பல் வைத்தியர் வீடு எதிர்த் தெருவில்தான். எதிர்த் தெருவுக்குப் போகிறவர் எதற்குக் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டும்? அவர் அன்று இன்னும் கொஞ்சம் தூரம் போக நினைத்தார் என்றே இப்போதும் எனக்குத் தோன்றுகிறது."

அனுப்பிவிட்டு இருவரும் கீழே வந்து டீ குடித்தோம். பதிலைப் பார்க்க அவர் மேலே வரவில்லை. திங்கள் கிழமை நான் மட்டும் போனேன். பதினொரு கடிதங்கள் இருந்தன. சென்னை ஆசிரியர் வயதைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு, தன் வயது முப்பத்தெட்டு என்றும் தெரிவித்திருந்தார். சிங்கப்பூர் அம்மா, நூலகத்தில் இருபது வருடமாகக் கிழிந்த புத்தகங்களைப் பார்க்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று எழுதி, இந்த நாவலை இன்னும் ஒரு மாதம் நீட்டித்திருந்தார். எல்லோரும் கேட்டது அந்தப் படகுத்துறைப் பக்கங்களைத்தான். முப்பத்திரண்டையும் ஸ்கேன் செய்து அனுப்ப எனக்கு இரண்டு நாள் ஆனது; நடுவில் மூன்று முறை கரண்டு போயிற்று.

அதன் பிறகு ஒரு மாதம் குழுவில் நடந்ததைச் சண்டை என்றே சொல்ல வேண்டும். போயிருக்கலாம் என்று ஒரு கட்சி, போயிருந்தால் நாவல் கெட்டுவிடும் என்று ஒரு கட்சி. வாய் திறக்காத இருபது பேரும் வாய் திறந்தார்கள். அண்ணாச்சி வாரத்துக்கு இரண்டு மத்தியானம் வந்து பதில் சொன்னார். சென்டரில் எங்களுக்கு ஓரக் கேபினாகப் பார்த்துக் கொடுத்து, மின்விசிறியையும் எங்கள் பக்கமிருந்து வெளியே பார்க்கத் திருப்பி வைத்தார்கள்.

டொராண்டோக்காரர் மட்டும் மூன்று வாரம் மௌனமாக இருந்தார். பிறகு எழுதினார். படகுத்துறைப் பக்கங்களைத் தன் பிரதியில் 192-க்குப் பின்னால் செருகி, நாவலை முதலிலிருந்து மறுபடி படித்ததாகச் சொன்னார். பாதியில் நிற்கும் வாக்கியத்தைப் பற்றி அண்ணாச்சி சொல்வதை ஏற்க முடியாது, அது வெறும் ஃபாரத்தின் முடிவுதான் என்றார். கடைசியில் இப்படி ஒரு வரி இருந்தது: "ஆனால் 192-ஆம் பக்கத்தின் சாவியை நான் நான்கு முறை படித்தும் கவனித்ததில்லை, நீங்கள்தான் சரியாகப் படித்திருக்கிறீர்கள்."

அண்ணாச்சி அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். கடையில் மதினி மட்டும் இருக்கிறாள் என்று சொல்லி எழுந்துகொண்டார்.

அந்த வாரக் கடைசியில் கோணி ஊசியை எடுத்துப் புத்தகத்தைப் பிரித்து மறுபடி தைத்தார். ஜெராக்ஸ் தாள் அகலமாக இருந்ததால் ஓரங்களை வெட்டிச் சரி செய்தார். அவர் பிரதியில் 224-ஆம் பக்கத்துக்கு அடுத்து மறுபடி ஒரு 193-ஆம் பக்கம் வருகிறது. அது முடிந்ததும் 225.